மறந்தவரிடம் வாய்மை

வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் விடியலில் கொழுந்து பறிக்கக் கிளம்புகிறார் என்று கொள்வோம். என்றோ மறைந்த கணவரைத் தேடுகிறார். "அப்பா இறந்துவிட்டாரே!" என்று மகன் நாள்தோறும் உண்மையைக் கூறுவது அறமா?

அல்சைமர் நோயில் பெரும்பாலும் அண்மை நிகழ்ச்சிகளே முதலில் மறைகின்றன. இளமையில் பழகியவை நெடுநாள் நிற்கும். மரணச் செய்தியை அவர் மறந்துவிடுவார்; அது எழுப்பிய துயரமோ எஞ்சும். வள்ளுவர் வாய்மைக்குத் தீங்கின்மையையே இலக்கணமாக வைத்தார் என்பதைத் தர்க்கவாதிகள் எளிதில் மறக்கிறார்கள்.

அதற்காக, "வந்துவிடுவார்" என்று பொய் கூறவும் வேண்டியதில்லை. எதிரே அமர்ந்து, கையைப் பற்றி, "அப்பா நினைவு வந்துவிட்டதா அம்மா? அவரோடு எந்த மலையில் கொழுந்து எடுத்தாய்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பதில் வரச் சற்று நேரமாகும், காத்திருங்கள்.