நாபோத்தின் தோட்டமும் அரவுனாவின் களமும்

தருமபுரி மாவட்டத்து ஊர்ப்புறங்களில் நடந்து செல்வோர் கண்ணில் இருவகைக் கற்கள் படும். ஒன்று நடுகல். ஆநிரை மீட்கவோ ஊரைக் காக்கவோ போரிட்டு மாண்ட வீரனின் உருவத்தைச் செதுக்கி ஊரார் நட்ட கல் அது. பழைய தகடூர் நாடு இத்தகைய கற்களுக்குப் பெயர் பெற்றது; அவற்றுள் சில இன்று தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ளன. மற்றொன்று வரப்போரத்தில் பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கும் அளவைக் கல். மக்கள் அதைச் சர்வே கல் என்பர். முதற்கல் இந்த மண்ணுக்காக ஒருவன் உயிர் கொடுத்ததைச் சொல்கிறது. இரண்டாம் கல் இந்த மண் எவர் பெயரில், எதுவரை என்பதைச் சொல்கிறது.

2018-ஆம் ஆண்டில் மூன்றாவது வகைக் கல் ஒன்று வந்தது. சேலத்திலிருந்து சென்னைக்குத் திட்டமிடப்பட்ட, ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளமுள்ள எட்டுவழிச் சாலைக்காக, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் வழியாகவும் கோடு கிழிக்கப்பட்டது. கிணறும் தென்னையும் நின்ற நிலங்களில் கற்கள் நடப்பட்டன. அச்சாலையின் வழி நெடுகிலும் பல ஊர்களில், கல்லின்மேல் விழுந்து அழுதவர்கள் உண்டு. பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு.

ஒருவர் உழுது உண்ணும் நிலத்தில் இன்னொருவர் கல் நாட்டும் உரிமை எங்கிருந்து வருகிறது? பொதுநன்மைக்காக என்று சொல்லிவிட்டால் அந்த உரிமை முழுமையாகிவிடுமா? கிறிஸ்தவ மனச்சான்று இக்கேள்விகளைத் தட்டிக் கழிக்க இயலாது.

கேள்வி பழையது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அதன் நிருவாகத்தை ஏற்றார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி 1799 வரை பணியாற்றினார். ஊர் ஊராக நிலங்கள் அளக்கப்பட்டன. குடியானவர் ஒவ்வொருவரின் பெயரும் அவர் செலுத்த வேண்டிய தீர்வையும் பதிவேட்டில் ஏறின. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் நடை பயின்றது. இடைத்தரகர் இன்றி, உழவனை அரசு நேருக்கு நேர் கண்டுகொண்டது அம்முறையின் சிறப்பு. ஆயினும் அளந்ததன் நோக்கம் வரி. அப்பதிவேடு உழவனிடம் பல செய்திகளைக் கேட்டறிந்தது. அவன் இசைவை மட்டும் கேட்கவில்லை.

மன்றோவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. இம்மாவட்டத்தை விட்டுப் பிரிய நேர்ந்தபோது, தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிவதற்கு மனம் வருந்தித் தம் வீட்டாருக்குக் கடிதம் எழுதினார். ஏழாண்டு பழகிய அயல்நாட்டு அதிகாரிக்கே ஒரு தோட்டம் அத்துணை நெருக்கமானது என்றால், ஏழு தலைமுறை வியர்வை சிந்தியவனுக்கு அவன் கொல்லை எத்துணை நெருக்கமானதாய் இருக்கும்! நிலத்தை நேசிக்கத் தெரிந்தவர்கள்கூட, பிறருடைய நேசத்தைக் கணக்கில் கொள்ள மறந்துவிடுகிறார்கள். அதிகாரத்தின் பழைய நோய் இது.

மாவட்ட எல்லைகளும் இவ்வாறே எழுந்தன. பாராமகால் சேலம் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1911-இல் திருப்பத்தூர் வட்டம் சேலத்திலிருந்து பிரிந்து வட ஆர்க்காட்டில் சேர்ந்தது. ஓர் ஆணையால் மக்கள் முறையிட வேண்டிய கச்சேரி மாறியது. அந்நியர் போட்ட கோடெல்லாம் தீமை, நம்மவர் போட்ட கோடெல்லாம் நன்மை என்று கொள்வது எளிது. ஆனால் அது நேர்மையன்று. 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமானபோது, மனுவோடு சேலம் வரை அலைந்த எளியவரின் தொலைவு குறைந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர்ப் பகுதியினரின் தொலைவு மேலும் குறைந்தது. ஒரு கோடு எளியவரை ஆட்சியின் அருகே கொண்டுவருகிறதா, ஆட்சியை எளியவரின்மேல் ஏற்றி வைக்கிறதா என்பதே அதன் தகுதியை அறியும் உரைகல். நம் தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. அரசு இரண்டாக வகுத்த பின்னும் இரு மாவட்டங்களும் ஒரே மறைமாவட்டமாய்த் தொடர்கின்றன. வரைபடத்தின் கோடு உறவின் கோடாக வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

எல்லைக்கோடு நிலத்தின்மேல் செல்கிறது. சாலைக்கோடோ நிலத்தையே எடுத்துக்கொள்கிறது. அதற்கென ஆங்கில அரசு இயற்றியது 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். ஒரு நிலம் பொதுக்காரியத்துக்குத் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பே அத்தேவைக்கு முடிவான சான்று என்றது அச்சட்டம். சந்தை விலையும், கட்டாயமாக எடுப்பதற்கென நூற்றுக்குப் பதினைந்து மேல்தொகையும் உண்டு. விலை போதாது என்று நீதிமன்றம் செல்லலாம். ஆனால், ‘என் நிலத்தை எடுக்காதீர்கள்’ என்று ஆட்சேபிக்கவும், அந்த ஆட்சேபத்தை அதிகாரி செவிமடுக்கவும் சட்டத்தில் இடம் பிறந்தது 1923-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். இருபத்தொன்பது ஆண்டுகள் குடியானவனுக்கு விலை பேசும் வாய் இருந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் வாய் இல்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இப்பகுதியைச் சூறையாடியது. 1871-இல் ஏறத்தாழ 19.6 இலட்சமாயிருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் 16 இலட்சமாய்க் குறைந்திருந்தது. பசித்த ஊருக்குத் தானியம் வந்து சேர வழி வேண்டும் என்பதை அப்பிணங்கள் கற்பித்தன. பஞ்சக் காப்பாக இருப்புப்பாதைகள் வேண்டுமென 1880-இல் பஞ்ச ஆணைக்குழு பரிந்துரைத்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய இருப்புப்பாதை வந்தது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. பேறுகால வலியில் துடிக்கும் பெண்ணை மலையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவர இன்றும் சாலை வேண்டும். ‘ஒரு பிடி மண்ணும் எவரும் எடுக்கக் கூடாது’ என்பது நீதியின் குரலாகாது.

திருச்சபையும் அவ்வாறு போதித்ததில்லை. மண்ணுலகின் பொருள்கள் எல்லா மக்களுக்காகவும் படைக்கப்பட்டவை. தனியுடைமை உண்மையான உரிமை, ஆனால் வரம்பற்ற உரிமை அன்று. தருமபுரி மாவட்டம் பிறந்த அதே 1965-ஆம் ஆண்டின் டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, பொதுநன்மை கோரும்போது உடைமையை எடுக்கலாம் என்பதை ஏற்கிறது. எல்லாச் சூழ்நிலைகளையும் எண்ணிப் பார்த்து நேர்மையான இழப்பீடு தர வேண்டும் என்றும் அது கேட்கிறது. அந்த ‘எல்லாச் சூழ்நிலைகளும்’ எவை என்பதில்தான் நம் சிக்கல் இருக்கிறது. அதைத் தெளிவிக்க விவிலியம் நமக்கு இரு அரசர்களைக் காட்டுகிறது.

அரசர்கள் முதல் நூலில் வரும் ஆகாபுக்குத் தன் அரண்மனையை அடுத்திருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டம் தேவைப்பட்டது. அவனை நாம் கொள்ளையனாகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அவன் முதலில் சொன்னது நேர்மையான பேரம்: அதைவிட நல்ல தோட்டம், அல்லது அதன் விலை. அக்காலத்து இழப்பீட்டுத் தொகை அது. மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தர இயலாது என்று நாபோத்து மறுத்தான். ‘வேண்டாம்’ என்னும் அச்சொல்லை அரசனால் தாங்க முடியவில்லை. பிறகு நடந்ததெல்லாம் சட்டத்தின் உடையில் நடந்தது: அரச முத்திரையிட்ட மடல், ஊர்ப் பெரியோரின் அவை, இரு சாட்சிகள், தீர்ப்பு. நாபோத்து கல்லால் எறிந்து கொல்லப்பட்டான். ஆகாபு நிலத்துக்குள் இறங்கியது அதன்பிறகே. அங்கே அவனை எலியா எதிர்கொண்டார்.

சாமுவேல் இரண்டாம் நூலின் இறுதியில் தாவீதுக்கும் ஒரு நிலம் தேவைப்பட்டது. கொள்ளைநோயால் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர்; பலிபீடம் எழுப்ப எபூசியர் அரவுனாவின் போரடிக்கும் களம் வேண்டும். இதைவிடப் பெரிய பொதுக்காரியம் இருக்க முடியாது. ஆனாலும் தாவீது மடல் அனுப்பவில்லை. தாமே களத்துக்கு ஏறிச் சென்றார். வேற்றினத்தானின் நிலந்தானே என்றும் எண்ணவில்லை. எதற்காக வந்தேன் என்பதைச் சொன்னார். அரவுனா இலவசமாகவே தர முன்வந்தபோதும், தமக்குச் செலவில்லாத ஒன்றைக் கடவுளுக்குப் படைக்க மறுத்து, ஐம்பது செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கினார்.

இருவரும் அரசர்கள், இருவரும் விலை கொடுக்க முன்வந்தவர்கள். அவர்களை வேறுபடுத்துவது தொகை அன்று. ஆகாபின் காய்கறித் தோட்டம் அவனுக்கு மட்டுமே உரியது. தாவீதின் தேவையோ மக்களின் உயிர். ஆகாபு மறுப்பைக் கேட்டதும் மறுத்தவனை அழிக்க இடம் கொடுத்தான். தாவீதோ இசைவைப் பெற்ற பிறகும் சுமையைத் தம் தலைமேல் ஏற்றார். எடுப்பவன் எதையும் இழக்காமல், கொடுப்பவன் மட்டும் இழக்கிற காரியத்துக்குப் பொதுநன்மை என்னும் பெயர் பொருந்தாது.

இந்த உரைகல்லில் நம் காலத்தையும் உரைத்துப் பார்க்கலாம். 1894-இன் சட்டத்தை நீக்கி வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பல வகையில் மேன்மையானது. பட்டா இல்லாத குத்தகைதாரர், அந்நிலத்தை நம்பி மூன்றாண்டு பிழைத்த கூலித் தொழிலாளர் ஆகியோரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக அது எண்ணுகிறது. நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்கத்தை மதிப்பிடச் சொல்கிறது. ஆனால் 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் நிலத்துக்குப் புதிய இழப்பீட்டு விதிகளே பொருந்தும். அந்த முன்மதிப்பீடு கட்டாயமில்லை. ஆக, பழைய கதைதான்: விலை உயர்ந்தது, செவி திறக்கவில்லை. எட்டுவழிச் சாலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ஏற்றது. ஆயினும், சட்டப்படி நிலம் அரசின் கைக்கு வருமுன்னரே வருவாய்ப் பதிவேடுகளில் செய்யப்பட்ட பெயர் மாற்றத்தைத் திருத்தி, உழவர் பெயரையே மீண்டும் எழுதப் பணித்தது. ரீடும் மன்றோவும் உழவன் பெயரை ஏற்றத் தொடங்கிய அதே வகைப் பதிவேடு! பெயரை எழுதுவது எளிது. அடிப்பது அதைவிட எளிது. பெயருக்குப் பின்னே ஒரு முகம் உண்டு என்பதைப் பதிவேடு அறியாது. அதை அறிய வேண்டியவர்கள் மனிதர்கள்.

இன்னொன்றும் உண்டு. பஞ்சக் காப்பாக வந்த அந்தக் குறுகிய இருப்புப்பாதை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல் மூடப்பட்டது. எந்தப் பொதுக்காரியத்தைச் சொல்லி மண் எடுக்கப்பட்டதோ, அக்காரியம் முப்பத்தைந்து ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே புதிய பாதைக்கு 2019-இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. தேவைகள் வரும், போகும். இழந்தவனின் இழப்பு மட்டும் நிலைத்திருக்கும். எனவே எடுப்பவர்க்குத் தயக்கம் ஓர் அறம். கோட்டைச் சற்றே வளைத்து ஒரு கிணற்றைக் காக்க முடியுமா என்று மும்முறை கேட்பது ஓர் அறம்.

இதெல்லாம் அரசுக்குச் சொல்ல வேண்டியது, நமக்கென்ன என்று ஒதுங்க முடியுமா? தொப்பூர்க் கணவாயில் இறங்கும் பேருந்தில் சாய்ந்து உறங்குகிறவர்கள் நாம். அச்சாலை எவர் நிலத்தின்மேல் கிடக்கிறது என்று நாம் கேட்டதில்லை. எடுத்தவர் அரசு என்றாலும் பயன் துய்ப்பவர் நாமே. ஆகவே கடனாளிகளும் நாமே. நம் பங்கில் ஒருவர் நிலம் எடுக்கப்படும்போது அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்வது, அவர் மனுவை எழுதிக் கொடுப்பது, பட்டா இல்லாத கூலிக் குடும்பத்தின் பெயரும் கணக்கில் ஏற உடன் நிற்பது, இவை அக்கடனைச் செலுத்தும் வழிகள். நம் ஆலயத்துக்கோ பள்ளிக்கோ அண்டை நிலம் தேவைப்படும் நாளில் நாம் ஆகாபின் வழியில் நிற்கிறோமா, தாவீதின் வழியில் நிற்கிறோமா என்று நம்மையே சோதிப்பதும் அவற்றுள் ஒன்று.

அயலாரின் எல்லைக்கல்லை நகர்த்துகிறவனை இணைச்சட்ட நூல் சபிக்கிறது. வலியவன் இருளில் கல்லை நகர்த்துவான் என்று அஞ்சி எழுந்த சட்டம் அது. இன்று வலியவர் கல்லை நகர்த்துவதில்லை. பட்டப்பகலில் புதுக்கல்லையே நடுகிறார்கள். நட வேண்டிய தேவை சில வேளைகளில் உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் அந்தக் கை, தாவீதைப்போல் முதலில் களத்து மேட்டுக்கு ஏறி வரட்டும். களத்துக்காரர் பேசி முடிக்கும்வரை கல்லைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கட்டும்.