நீர்க்கரை எவருடைய பொருள்?

பிறர் பொருளைக் கவர்தல் களவு என்பதை அனைவரும் ஒப்புவர். ஆனால் ஆறும் கடற்கரையும் எவருடைய பொருள்? அவற்றை வளைத்துக்கொள்வோர்மீது முறையிடத் தனி உடைமையாளர் எவரும் இல்லை. ஆதலின் அது களவாகாதோ?

இவ்வினாவுக்கு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 13ஆம் நாள் விடை பகர்ந்தது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரை வனநிலம் தங்கும் விடுதி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. விடுதியைக் காக்க ஆற்றின் போக்கையே மாற்ற முற்பட்டனர். இத்தகைய இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலரே அன்றி உடைமையாளர் அன்று எனக் கூறி, மன்றம் அக்குத்தகையை நீக்கியது. அடைக்கலப் பொருளை வழங்கிவிட அடைக்கலம் ஏற்றவர்க்கு உரிமை ஏது?

அதற்கு இரு நாள் முன்னர், காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் மற்றொரு தீர்ப்பு வந்தது. இறால் பண்ணைகளின் உவர்நீர் அயலார் வயல்களிலும் கிணறுகளிலும் கசிந்தது. 1991ஆம் ஆண்டின் அறிவிக்கை வரையறுத்த 500 மீட்டர்க் கடலோர எல்லைக்குள், மரபுவழிப் பண்ணைகள் தவிர்ந்த ஏனையவற்றை அகற்றுமாறு மன்றம் ஆணையிட்டது.

"மனமுவந்து ஏற்கும் விரதமே அறம், தண்டனைக்கு அஞ்சி அடங்குவதில் நல்வினை ஏது?" என்று சிலர் வினவலாம். செய்பவனை மட்டும் நோக்கின் அது மெய்யே. ஆனால் கிணறு உவர்ப்பேறிய உழவன், கவர்ந்தவன் உள்ளம் கனியும்வரை எங்ஙனம் காத்திருப்பான்? கழிமுகத்து மீனும் பறவையும் எங்கே சென்று முறையிடும்? சட்டம் செய்பவனுக்குப் புண்ணியம் தேடித் தருவதற்கன்று. துன்புறும் உயிரைக் காப்பதற்கே.

எனினும், சட்டம் மட்டும் போதுமானதன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெறும் இறால் பண்ணைகளுக்கு மீண்டும் வழிவிட்டது. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானம் விலக்கப்பட்ட பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடல் அதே கடல்தான். அலையும் அதே அலைதான். சுருங்கியது எல்லை, பெருகியது விழைவு. மக்கள் உள்ளத்தில் மிகுபொருள் விரும்பாமை வேரூன்றாவிடில், எவ்வேலியும் ஆசை தள்ளுமிடத்திற்கு நகரும்.

ஆகவே, மனை வாங்கச் செல்லும் இல்லறத்தார் பத்திரத்தில் குறையில்லை என்றவுடன் அமைதியுறலாகாது. 'இந்நிலம் முன்னர் ஏரியாக இருந்ததோ? மழைநீர் இவ்வழியே சென்றதோ?' என்றும் கேட்டல் வேண்டும். சட்டம் இடம் தந்தாலும், நீரின் இடத்தை நீருக்கே விட்டு விலகி நிற்பதே கள்ளாமையாகும்.