மலையழகும் மகாகாசியபரும்

பௌத்தம் அழகைப் பகைக்கும் சமயம் என்பர் சிலர். எல்லாம் அநித்தியம் என்று எந்நேரமும் சிந்திப்பவனுக்கு மலரிலே என்ன இன்பம், மனிதரிடத்தே என்ன அன்பு என்று வினவுவர். எளிதில் தள்ளிவிடத்தக்க வினா அன்று இது.

பாலி திரிபிடகத்தைச் சேர்ந்த தேரகாதையில் மகாகாசியப தேரரின் பாடல்கள் உள்ளன. துதாங்கம் என்னும் கடுந்தவ ஒழுக்கத்தில் சீடர்களுள் முதல்வர் எனப் பகவானாலேயே போற்றப்பட்டவர் அவர். கந்தலாடை உடுத்துக் கானகத்தில் உறைந்தவரின் உள்ளம் வறண்டிருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அவரோ, பிச்சையேற்றுத் திரும்பி மலையேறுகையில், மேகநிறப் பாறைகளையும் தெளிந்த குளிர்நீரையும் மயில்களின் அகவலையும் கண்டும் கேட்டும் மகிழ்கிறார், அம்மகிழ்ச்சியை மறைக்கவுமில்லை.

அவர் பாடுவனவற்றுள் இந்திரகோபமும் ஒன்று. நாட்டுப்புறத்தில் தம்பலப்பூச்சி என்றும் பட்டுப்பூச்சி என்றும் வழங்கும் அச்செந்நிறச் சிற்றுயிரையே சங்கப் புலவர் மூதாய் என்றனர். முதல் மழைக்குப்பின் செம்பட்டுத் துணுக்குகள்போல ஈரமண்ணில் ஊரும். சில நாட்களில் கண்ணுக்குத் தென்படாது மறையும். பற்றறுத்த முனிவரின் பார்வை இதன்மேல் நின்றது ஏன்? அது நிலைத்திருக்கவேண்டுமென்று அவர் வேண்டவில்லை. தமக்கென எடுத்து வைத்துக்கொள்ளவுமில்லை. பிடிக்க நினையாத கண்ணுக்கு அதன் செம்மை முழுதும் புலப்பட்டது போலும்! தருமத்தைச் செவ்வனே காணும் இன்பத்துக்கு ஐவகை வாத்திய இசையும் ஈடாகாது என்றும் அவரே பாடுகிறார். ஆகவே இரண்டு இன்பங்களின் தரத்தையும் அறிந்தே அவர் மலையை நோக்கி மகிழ்ந்தார்.

மலையின்மேல் பற்றில்லாதிருத்தல் எளிது, தன் உடலின்மேல் அங்ஙனம் இருத்தல் இயலுமோ எனின், தேரிகாதையில் அம்பபாலியின் 19 பாடல்களைக் காண்க. வைசாலி நகரின் பேரழகியாய் விளங்கிப் பகவானுக்கு மாந்தோப்பை வழங்கியவர் அவர்; தம் மகன் விமல கொண்டஞ்ஞரின் உபதேசம் கேட்டுத் துறவு பூண்டார் என்று உரை கூறும். கூந்தலுக்கு வண்டின் நிறத்தையும் குரலுக்குக் குயிலையும் உவமை கூறி, அடுத்து அவ்வுறுப்பு மூப்பால் அடைந்த நிலையையும் உரைக்கிறார். இவை உடலை இழித்துரைக்கும் பாடல்கள் என்பாருமுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வெறுத்துவிட்ட ஒன்றை எவரும் இத்துணைக் கவனத்தோடு உறுப்பு உறுப்பாக நினைந்து பாரார். இளமையில் குயிலை ஒத்திருந்த குரல் முதுமையில் இடையிடையே உடைந்துபோவதையும், உடைந்த அக்குரலாலேயே அவர் பாடுகிறார்.