மீதி அரை நாள் யாருடையது?

பள்ளிக்கூடத்தில் பெரும்பாலோர் எழுதிப் பழகிய முதல் பொய், விடுப்பு விண்ணப்பத்தில் வரும் தலைவலி. காய்ச்சல் என்றால் வாத்தியார் கழுத்தில் கைவைத்துப் பார்த்துவிடுவார். வயிற்றுவலி என்றால் வீட்டில் விளக்கெண்ணெய் வந்து நிற்கும். தலைவலிக்குச் சாட்சி கிடையாது. அதனால் கிரிக்கெட்டுக்கும் தலைவலி, கல்யாணத்துக்கும் தலைவலி. இப்படித் தேய்ந்து செல்லாக்காசாகிப் போன சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான், மைக்ரேன் உள்ளவர் முதலாளி முன்னால் நின்று தன் நிலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாள் மைக்ரேனின் தன்மையோடு, இப்படியே 3 மாதத்துக்கு மேல் போனால் அதை நாள்பட்ட மைக்ரேன் என்கிறார்கள் மருத்துவர்கள். மருந்து எடுக்காவிட்டால் ஒருமுறை வந்த வலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். பக்கத்துக் கர்நாடகத்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்ததாகச் சொன்னது. நாள்பட்டதாக முற்றுவது அவர்களில் சிறு பங்கினருக்குத்தான். ஆனால் அந்தச் சிறு பங்கினரும் வேலைக்குப் போயாக வேண்டும்.

ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். நாமக்கல்லில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டு வரை கணினித் திரையும் இ-வே பில்லும் போன் மணியும்தான். வலி முற்றி இரண்டு முறை மேசையிலேயே வாந்தி எடுத்த பிறகு முதலாளி, "ஒரு மணி வரைக்கும் வா கண்ணு, போதும். சம்பளம் பாதிதான் தர முடியும்" என்கிறார். "சரிங்கண்ணா" என்கிறாள். பாதிச் சம்பளத்தில் வாடகையும் மாத்திரைச் செலவும் போனால் மிச்சம் ஒன்றும் நிற்காது. ஆகவே வெளிச்சமும் நேரமும் தன் தலைக்குத் தோதாக இருக்கும் இன்னொரு வேலையைத் தேடுகிறாள். மதியம் ஒன்றே முக்காலுக்குச் சேலம் பஸ் ஏறுகிறாள். ஜன்னல் கம்பிகளின் ஊடே வெயில் முகத்தில் விட்டுவிட்டு அடிக்கிறது, முன்சீட்டில் மல்லிகை, பின்னால் டீசல். துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையிலோ ஐந்து ரோட்டில் ஓர் அலுவலகத்திலோ நேர்காணலுக்குப் போய் இறங்குகிறாள். உடம்பு சரியில்லை என்று வாங்கிய நேரத்தில் வேறு வேலை தேடுகிறாளே, இது துரோகம் இல்லையா என்று அலுவலகத்தில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார்.

கேட்பவரை அற்பமாக நினைக்க வேண்டியதில்லை. செய்ந்நன்றிக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கும் மொழி இது. முதலாளி அவளை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மதியத்துக்கு மேல் வரும் பில்களைப் பக்கத்து மேசைக்காரர் சேர்த்துப் போடுகிறார். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரவில்லை. நன்றிக்கடன் என்று ஒன்று இருந்தால், முதலாளிக்கு இருப்பதைவிட அந்தப் பக்கத்து மேசைக்காரருக்குத்தான் அதிகம்.

ஆனாலும் துரோகம் என்ற சொல் இங்கே பொருந்தாது. மதியத்துக்கு மேலான மணிகளை முதலாளி இனாமாகக் கொடுக்கவில்லை. அவற்றுக்கான கூலியைப் பிடித்துக்கொண்டார். விலை கொடுத்து மீட்ட நேரம் அது. அதில் அவள் இருட்டறையில் படுத்தாலும், சேலத்துக்குப் பஸ் ஏறினாலும் அவள் பாடு. "படுத்திருக்கத்தானே விட்டேன்" என்று முதலாளி சொன்னால், நேரத்தோடு சேர்த்து அவளுடைய எதிர்காலத்தையும் பிடித்தம் செய்துவிட்டார் என்றுதான் பொருள்.

இந்த மண்ணில் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் முன்பணம் வாங்கிய தொழிலாளி, அதைக் கட்டாமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாங்கிய பணம் ஆளையே கட்டிப்போடும். அங்கே ரூபாய் செய்வதை அலுவலகத்தில் கருணை செய்யக் கூடாது. வேலை நேரத்திலும் அந்தப் பட்டறைகள் அப்படித்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த ஊர்களில் பல பட்டறைகளுக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டதே இல்லை. இரண்டு ஷிப்ட், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், இடைவிடாத தறிச் சத்தம். மைக்ரேன்காரர் அங்கே எத்தனை நாள் தாங்குவார் என்பதை நினைத்தாலே நமக்குத் தலை வலிக்கிறது.

அவள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. காலையில் ஒரு நேர்காணல் வந்து, வலியே இல்லாத நாளில் "தலைவலிங்கண்ணா, இன்னைக்கு வர முடியல" என்று போன் செய்தால் அது தவறு. சின்னப் பொய்தானே என்று தோன்றும். ஏற்கெனவே செல்லாக்காசாகிக் கிடக்கும் சொல்லை, அதன் உண்மையான சொந்தக்காரியே இன்னொரு முறை தேய்க்கிறாள். விலை கொடுப்பது அடுத்து வரும் நோயாளி. சொந்த வேலை இருக்கிறது, சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

நேர்காணலில் உட்கார்ந்ததும் அடுத்த சங்கடம். "உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே?" என்ற கேள்வி இந்தப் பக்கம் வெகு சாதாரணமாக வரும். கேட்காதபோது சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. சர்க்கரை உள்ளவரும் மூலம் உள்ளவரும் சொல்லிக்கொண்டா வேலையில் சேர்கிறார்கள்? கேட்டால், மாதத்தில் சில நாள் தலைவலி வரும், இத்தனை மணி நேரம் குறையில்லாமல் செய்வேன் என்பது போதும். அப்படிச் சொல்லி வேலை கிடைக்காமல் போகலாம். போகிறது என்பதுதான் நடப்பு. அதனால் ஒருத்தி "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டால் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இக்கட்டுரைக்கு மனம் வரவில்லை. கேள்வியிலேயே பாதிக் குற்றம் இருக்கிறது.

ஓட்டுநர் விஷயம் வேறு. மைக்ரேன் உள்ள சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே நெளியும் ஒளிக்கோடு தோன்றும், பார்வையில் ஒரு பகுதி மறையும். 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்கும். லாரித் தொழிலால் பிழைக்கும் ஊர் நாமக்கல். அப்படிப்பட்டவர் இரவில் நாலுவழிச் சாலையில் முழு லோடோடு வண்டி ஓட்டுகிறார் என்றால், அதை மறைக்க அவருக்கு உரிமை இல்லை; பிறர் உயிர் எதிரே வருகிறது. சொன்ன மறுநாளே அவரைக் கழற்றிவிடும் லாரி உரிமையாளருக்கும் உண்மையைக் கேட்க உரிமை இல்லை. குடோனிலோ புக்கிங்கிலோ ஒரு மாற்று வேலை காட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் இவர்களுக்கு எவ்வளவு தூரம் துணை வருகிறது? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களின் கால்வலியைத் தமிழ்நாடு 2021-இல் பார்த்தது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. நிற்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தலைவலி தெரிவதில்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு, நாள்பட்ட நரம்பு நோய்களில் பார்க்கின்சனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மைக்ரேன் பெயர் அதில் இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமோ பெரும்பாலும் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை, அன்றாட வாழ்வை எவ்வளவு, எவ்வளவு காலம் முடக்குகிறது என்று பார்க்கிறது. இங்கே ஈ.எஸ்.ஐ. காப்பீட்டின் நோய்க்காலப் பயன் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி வந்தால் தவிர, முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஒன்றிரண்டு நாளில் அடித்துப் போட்டுவிட்டுப் போகிற நோய்க்கு அந்த இரண்டு நாள்தானே முழு நோயும்!

இன்னொரு கொடுமையைச் சொல்லாமல் விட முடியாது. "ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வந்துரும்மா" என்பது அலுவலகங்களில் அன்பாகவே சொல்லப்படுகிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் போன்றவற்றை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். காலையில் அலுவலகத்துக்கு ஒன்று, மதியம் நேர்காணலுக்கு ஒன்று என்று போடுகிறவள் வேலையைத் தேடிக்கொண்டே நோயையும் வளர்த்துக்கொள்கிறாள். மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்து தொடங்கினாலும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அவளுக்கு வேண்டியது குறைந்த நேரமும் குறையாத வேலையும்.

ஐந்து பேரை வைத்து அலுவலகம் நடத்துகிறவருக்கு இது எளிதல்ல, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கணக்குக்கு ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்களும் அதே சின்ன முதலாளிகள்தான். அடுத்த முறை கடை வாசலில் 'ஆள் தேவை' அட்டை தொங்கவிடும்போது, 'காலை 9 முதல் 1 வரை வருபவர்களும் கேட்கலாம்' என்று அடியில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.