பூசாத சுவர்

அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஏன் மக்களே, சுவரைப் பூசாம விட்டா, காசு தீந்து போச்சுன்னுதானே ஊரு நினைக்கும்?"

நாகர்கோவில் பக்கம் அவள் கட்டவிருக்கும் சிறு வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தேன். கட்டடக்கலை படிக்கும் எனக்கு, சுவரைப் பூசாமல் விட்டு வீடு கட்டிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் என்றால் உயிர். அதனால் பூச்சில்லாத செங்கல் சுவர். அத்தை காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த 'காசு தீந்து போச்சு' மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

பேக்கர் 1917-ல் பர்மிங்காமில் பிறந்தவர். மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு பித்தோராகர் மலையில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுக் கேரளத்துக்கு வந்தார். 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அங்கே அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில், செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டு எழுப்பிய ஜாலிச் சுவரின் அருகே வெகுநேரம் நின்றிருக்கிறேன். வெளியே நல்ல வெயில். உள்ளே வெளிச்சம் துண்டு துண்டாகத் தரையில் விழ, காற்று தாராளமாக வந்துபோனது. அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கலைப் படுக்கப் போடாமல், பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். சுவருக்குள் வெற்றிடம் விழும். செங்கல் ஏறத்தாழ 25 சதவீதம் மிச்சம். அடைபட்ட காற்று வெக்கையையும் தடுக்கும். பூச்சும் வேண்டாமென்றால் சிமெண்டும் மணலும் கூலியும் மிச்சம். கணக்கில் பிழை சொல்ல முடியாது. அத்தையின் கேள்வி இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

ஆச்சியின் மண்வீடு ஞாபகத்துக்கு வருகிறது. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பைக் கரைத்து, நைத்த பனைமட்டையால் அவளே சுவருக்கு வெள்ளையடிப்பாள். சிரட்டையில் நீலம் கரைத்துக் கொடுப்பது என் வேலை. அடித்து முடித்ததும் தெருவில் இறங்கி நின்று, தலையைச் சாய்த்து ஒருமுறை பார்ப்பாள். அந்தப் பார்வையை வெறும் பகட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது. மழை கரைத்த சுவரை ஆண்டுதோறும் தேற்றி எடுத்தவள் அவள்.

வீட்டுக்கு வேண்டிய பொருள் 5 மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னது பேக்கர் மனதில் தங்கிவிட்டதாக எங்கோ படித்தேன். முழுதாக நினைவில்லை. இன்று எங்கள் ஊரில் 5 மைலுக்குள் என்ன கிடைக்கும்? செங்கல் கிடைத்தாலும் அதைச் சுட விறகு எரிய வேண்டும். பேக்கருக்கும் அது தெரியும். மண் கட்டுமானத்துக்கென்றே தனிக் கையேடு எழுதினார். அப்படியானால் அத்தைக்கு மண்சுவரையா சொல்வது? அதிலிருந்து வெளியேறத்தானே இத்தனை வருடம் சித்தாள் வேலைக்குப் போனாள்?

மருத்துவர் ஒருவர் வீட்டில் சுவரைப் பூசாமல் விட்டால் அதை ரசனை என்கிறோம். அதே சுவர் அத்தை வீட்டில் இல்லாமையாகத் தெரிகிறது. பேக்கரும் திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் அத்தகைய வீட்டில்தான் வாழ்ந்தார். பிறருக்குச் சொன்னதைத் தானும் செய்தார். ஆனால் அவரிடம் காசு தீர்ந்துவிட்டதென்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வீண்செலவு செய்யச் சொல்வதா? வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுக்குக் கல் சுமந்தவளிடம் போய் எளிமையைப் போதிப்பதா? இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன.

கட்டுமிடத்தில் நின்று, குடியிருக்கப் போகிறவர்களோடும் கொத்தனாரோடும் பேசிப் பேசி வீட்டை உருவாக்கியவர் பேக்கர். அத்தையிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் அவள் பேச்சை முழுக்கக் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். என்னோடு படிப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்: பேக்கரின் சுவரை வரையும் முன், அதற்குள் வாழப்போகிறவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.