சுவரும் ஆணியும்

வாடகை வீட்டுக்குக் குடி போகிறவர்கள் பால் காய்ச்சி முடித்த கையோடு செய்கிற முதல் காரியம், சுவரில் ஆணி அடிப்பது. காலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, காலமான பெரியவரின் படத்துக்கு ஒன்று. வீட்டுக்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனாலும் அந்த ஆணி இறங்கிய பிறகுதான் அது வீடு. அதுவரையில் வெறும் கட்டடம். சுவர் அவருடையது, ஆணி நம்முடையது. ஒரு நாள் நாம் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அவர் அந்தச் சுவரை இடித்து, புதிதாகவும் உறுதியாகவும் ஒரு சுவர் எழுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதைவிட நல்ல சுவர்தான். என்றாலும், 'என் ஆணி எங்கே, அதில் தொங்கிய படம் எங்கே?' என்று கேட்க நமக்கு நியாயம் உண்டா?

சின்னக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கோடிக்கணக்கான பேர் இன்று பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கும் ஓர் இடத்தில் இது அடிக்கடி எழுகிறது. கம்ப்யூட்டரில் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டுகிற பிரவுசரைத்தான் சொல்கிறேன்.

பிரவுசரோடு எக்ஸ்டென்ஷன் என்று சில துணைக் கருவிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றில் ஒரு வகை, பிறர் அமைத்த பக்கத்துக்கு நம் இஷ்டப்படி வேறு உடை உடுத்திக் காட்டும். எழுத்தைப் பெரிதாக்கு, வெள்ளைத் தரையைக் கறுப்பாக்கு, ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தை மறை என்று நாலைந்து வரி எழுதி வைத்தால் போதும். பக்கம் நமக்கு மட்டும் அப்படித் தெரியும். இதன் அருமை தமிழ் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வரிக்கு வரி இடைவெளி விட்ட பக்கங்களில், நம்முடைய கொம்பும் சுழியும் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு வரி எழுதி அவற்றைக் கீழே இறக்கிவிடலாம்.

இப்படி ஆண்டுக்கணக்கில் அடித்த ஆணிகளெல்லாம் ஒரே இரவில் உதிர்ந்து போவதுண்டு. எக்ஸ்டென்ஷனுக்கோ பிரவுசருக்கோ அப்டேட் வருகிறது. பெரும்பாலும் யாரையும் கேட்பதில்லை. தானே வந்து ஏறிக்கொள்கிறது. காலையில் திறந்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. சிலர் பழைய பதிப்பைத் தேடி ஓடுகிறார்கள். சிலர் கோபமாகக் கடிதம் எழுதுகிறார்கள். சாமர்த்தியம் உள்ளவர்கள் உட்கார்ந்து வரிகளைத் திருத்துகிறார்கள். மிகப் பெரும்பாலோர் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்கிறார்கள். 'பார்த்தீர்களா, பழகிவிட்டார்களே!' என்று மாற்றியவர்கள் அதையே சாட்சியாகக் காட்டுகிறார்கள். பழகிப்போவது சம்மதம் ஆகுமா? ஆகுமென்றால், உலகத்தில் நடந்த எத்தனையோ அநியாயங்களுக்குச் சம்மதம் கிடைத்துவிட்டதாகத்தான் பொருள்.

இந்த வழக்கு புதியதன்று. இணையப் பக்கத்தின் உடை அலங்காரத்துக்கென்று இருக்கிற ஏற்பாட்டுக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். ஜெனீவாவுக்கு அருகில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹோக்குன் வியூம் லீ என்ற நார்வேக்காரர், 1994 அக்டோபர் 10ஆம் தேதி அதற்கான முதல் யோசனையை வெளியிட்டார். அதில் ஒரு விநோதம் உண்டு. பக்கத்தை எழுதியவருக்கு எவ்வளவு செல்வாக்கு, படிக்கிறவருக்கு எவ்வளவு என்பதைச் சதவிகிதக் கணக்கில் பங்கு பிரிக்கலாம் என்றார். தலைப்பின் அளவில் எழுதியவருக்கு 40 சதவிகிதம் உரிமை என்றால் மீதி படிக்கிறவருக்கு. மாமியாரும் மருமகளும் சமையலறையைச் சதவிகிதம் போட்டுப் பிரித்துக்கொள்வது போன்ற ஏற்பாடு! அது நிலைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த எண்ணம் உயர்ந்தது. படிக்கிறவனும் பக்கத்துக்குப் பாத்தியப்பட்டவன் என்பதை அந்த மனிதர் முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தார்.

பங்கு என்றால் தகராறும் உண்டே? 'இது முக்கியம், மாற்றக் கூடாது' என்று எழுதியவரும் முத்திரை குத்துகிறார், படிக்கிறவரும் குத்துகிறார்; யார் சொல் நிற்பது? 1996 டிசம்பரில் வந்த முதல் விதி, எழுதியவர் சொல்லே நிற்கும் என்றது. 1998 மே மாதம் வந்த இரண்டாம் விதி அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. இருவரும் முத்திரை குத்தினால் படிக்கிறவர் சொல்லே இறுதி. விசேஷத் தேவை உள்ளவர்கள் பக்கத்தின் தோற்றத்தைத் தம் வசத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று காரணமும் சொன்னார்கள். எழுத்தாளனாகிய என் ஜாதிக்கு எதிரான தீர்ப்புத்தான் இது. ஆயினும் இந்தத் துறையில் எழுதப்பட்ட விதிகளில் இதைப்போல் தர்மமான விதியை நான் கண்டதில்லை.

விதி ஏட்டில் இருந்தால் போதாது. அதைப் பயன்படுத்த ஓர் இடம் வேண்டும். படிக்கிறவர் தம் வரிகளை நேரே எழுதி வைக்கக் குரோம் பிரவுசரில் ஒரு கோப்பு இருந்தது. 2014இல் அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் எக்ஸ்டென்ஷன்தான் கதி என்றாகிவிட்டது.

மாற்றுகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? இதில் பெரிய உதாரணம் பயர்பாக்ஸ். 2017 நவம்பர் 14ஆம் தேதி வெளிவந்த 57ஆம் பதிப்பு, பழைய பாணி எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையையும் ஒரேயடியாகக் கைவிட்டது. அதற்கு முன்பெல்லாம் எக்ஸ்டென்ஷன் பிரவுசரின் உள்கட்டுக்குள்ளேயே புகுந்து எதையும் மாற்றலாம்; ஜன்னலின் பட்டை, பொத்தான், பட்டியல் எல்லாம் அவரவர் ரசனைப்படி. அந்தச் சுதந்திரமே வினையாயிற்று. உள்ளே ஒரு தூணை நகர்த்தினால் எவனோ எங்கோ கட்டிய கொடி அறுந்தது. பிரவுசரை வேகமாக்கவும், ஒரு பக்கம் செத்தால் மற்றவை சாகாதபடி பிரித்து வைக்கவும், திருடர் புகாமல் காக்கவும் அந்தக் கொடிகள் தடையாக இருந்தன. மோசில்லாக்காரர்கள் சொன்ன இந்தக் காரணங்களில் பொய் இல்லை. 2015 ஆகஸ்டிலேயே இதை அறிவித்தார்கள். கடைசிக் கட்டத்தில் பழைய எக்ஸ்டென்ஷன்களின் மேல் அடையாளச் சீட்டும் ஒட்டினார்கள். வேண்டியவர்கள் சற்றுக் காலம் தங்கட்டும் என்று 52ஆம் பதிப்பின் ஒரு கிளையை 2018 செப்டம்பர் வரை பராமரித்தார்கள். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த முதல் அறிவிப்பு வந்தது எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள் படிக்கிற இடத்தில். அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. தாலுகா கச்சேரிப் பலகையில் ஏல நோட்டீஸ் ஒட்டுவது போலத்தான்.

நம் நாட்டுச் சட்டம் இத்தகைய விஷயங்களை எப்போதோ யோசித்திருக்கிறது. 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவன் நிலத்தில் இன்னொருவன் அனுமதியின் பேரில் ஒரு காரியம் செய்து வருகிறான். அனுமதி கொடுத்தவன் அதை ரத்து செய்யலாமா? சாதாரணமாகச் செய்யலாம். ஆனால் அந்த அனுமதியை நம்பி மற்றவன் செலவழித்து நிலையான வேலை எதையாவது அங்கே செய்துவிட்டானென்றால் ரத்து செய்ய முடியாது என்கிறது 60ஆவது பிரிவு. ரத்தாகும் சந்தர்ப்பங்களிலும், வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது 63ஆவது பிரிவு. பிரவுசர் நிலமல்ல, இந்தச் சட்டம் அதற்குச் செல்லாது. ஆனால் சட்டத்துக்கு அடியில் ஓடுகிற மனச்சாட்சிக்கு நிலம் என்றும் பிரவுசர் என்றும் பேதம் இருக்க முடியாது. நம்பிக் கட்டியவனுக்கு ஒரு நியாயம் உண்டு. சாமான் எடுக்க அவகாசம் உண்டு.

'இனாமாகக் கொடுத்ததற்கு இத்தனை கேள்வியா?' என்று ஒருவர் கேட்கலாம். பல எக்ஸ்டென்ஷன்கள், யாரோ ஒருவர் தம் உத்தியோகம் போக மிச்ச நேரத்தில், காசு வாங்காமல் எழுதித் தருபவை. அவர் மேல் பாய்கிறவர்களைக் கண்டால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் நாளைக்கே மூடலாம், அவரை ஏன் என்று கேட்க முடியாது. ஆனால் நடுவெயிலில் பானையை நம்பி வருகிறவனுக்காக, 'இனிப் பந்தல் இல்லை' என்று ஒரு நாள் முன்னதாக எழுதி வைக்கலாமே? பந்தலைப் பிறருக்கு விற்றுவிட்டால் அதையும் எழுதி வைக்க வேண்டும். 2005இல் தொடங்கிய ஸ்டைலிஷ் என்ற எக்ஸ்டென்ஷன் 2017 ஜனவரியில் சிமிலர்வெப் என்ற கம்பெனியோடு சேர்ந்தது. அது பயன்படுத்துவோர் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போகிறார்கள் என்பதையெல்லாம் திரட்டி அனுப்புகிறது என்று 2018 ஜூலையில் ஒரு பொறியாளர் விவரமாக எழுதினார். குரோமும் பயர்பாக்ஸும் அதைத் தம் கடைகளிலிருந்து அப்போது நீக்கின. நல்ல வேளையாக, அதன் பழைய பதிப்பின் மூலம் எல்லோருக்கும் திறந்திருந்தது. அதை எடுத்து ஸ்டைலஸ் என்ற பெயரில் தனியாக வளர்த்தார்கள். ஜனங்கள் தம் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

என் தொழிலிலும் இதற்கு ஓர் இணை உண்டு. பல வருஷங்களுக்கு முன் வாரப் பத்திரிகையில் வந்த என் தொடர்கதையைப் புத்தகமாக்கும்போது கடைசி இரண்டு அத்தியாயங்களை மாற்றினேன். மாற்றியது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் கடிதம் எழுதினார். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருக்கிறாராம். "புத்தகம் உங்களுடையது, எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். பைண்டு என்னுடையது. அதில் அவள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்" என்று முடித்திருந்தார். அந்த அம்மாளுக்குக் கோபமே இல்லை. கோபம் எதற்கு? நான் அவர் வீட்டு அலமாரியைத் திறந்து பைண்டுக்குள் பக்கங்களை மாற்றி வைக்க முடியாது. தானாக ஏறும் அப்டேட் அதைத்தான் செய்கிறது. வேண்டாமென்று தடுத்து வைத்தாலோ பழைய ஓட்டை வழியாகத் திருடன் வருவான் என்று பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயமும் நிஜம். பூட்டைப் புதுப்பிப்பதையும் சுவரை இடிப்பதையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவதுதான் கோளாறு. இரண்டையும் பிரித்து அனுப்புவது வேலை அதிகம் என்பதைத் தவிர அதற்கு வேறு சமாதானம் எனக்குக் கிடைக்கவில்லை.

ரசனைக்காரர்களின் புலம்பல்தானே, இதில் தர்மம் அதர்மம் எங்கிருந்து வந்தது என்று நினைப்பவர்களுக்கு, என் கதைகளுக்குப் பிழை திருத்தித் தரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை சுருங்கிவிட்டது. வெள்ளைத் திரை ஊசி போலக் குத்தும். கறுப்புத் தரையில் மஞ்சள் எழுத்து, அதுவும் பெரிதாக இருந்தால் மணிக்கணக்கில் படிப்பார். ஓர் எக்ஸ்டென்ஷனில் நாற்பது வரி எழுதி, பிரவுசரில் வரும் பிரதிகளை அப்படித்தான் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் அது அப்டேட் ஆகியிருந்தது. நாற்பது வரியும் செல்லவில்லை. கையில் இன்னொருவருடைய நாவல், திருப்பித் தர வேண்டிய கெடு நெருங்கியிருந்தது. நான் போனபோது அட்டைப் பெட்டியைக் கிழித்துத் திரையின் பாதியை மூடி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புதுசு பிடிக்கலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"பிடிக்கலேன்னு நான் சொல்லலே தம்பி. எனக்குத் தெரியலே" என்றார்.

பிடிப்பது வேறு, தெரிவது வேறு. பிடிக்காதவனுக்கு அவகாசம் கொடுத்தால் பழகிக்கொள்வான். தெரியாதவருக்கு அவகாசத்தால் என்ன பிரயோஜனம்? பழையது வேண்டும், அல்லது அதற்கு ஈடான ஒன்று வேண்டும். சங்கடம் என்னவென்றால், மாற்றுகிறவரிடம் போய்ச் சேரும்போது இருவர் குரலும் ஒரே முணுமுணுப்பாகத்தான் கேட்கும். எந்த ஆணியில் காலண்டர் தொங்குகிறது, எந்த ஆணியில் எழுந்திருக்க முடியாதவர் பிடித்துக்கொள்ளும் கயிறு தொங்குகிறது என்பது வெளியே நின்று இடிக்கிறவருக்குத் தெரியாது. தெரியாது என்பதைச் சாக்காகச் சொல்கிறார்கள். தெரியாது என்பதனாலேயே கேட்டுவிட்டு இடிக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

டீச்சருக்குப் பதினொரு நாள் போயிற்று. மாடி வீட்டுக் கல்லூரிப் பெண் ஒருத்தி, வேறோர் எக்ஸ்டென்ஷனில் அந்த வரிகளைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தாள். அதற்குள் அந்த நாவல் வேறு ஆளிடம் போய்விட்டது. இப்போது அந்த நாற்பது வரியையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார், புள்ளி, அரைப்புள்ளி எதுவும் விடாமல். ஆங்கில எழுத்தில் எழுதிய அந்த விநோதமான சங்கேத வரிகளுக்கு மேலே, முதல் பக்கத்தில், வழக்கம்போல் பிள்ளையார் சுழியும் போட்டிருக்கிறார்.