வகுத்தலும் விலக்கலும்

தேடுவது எளிது, கிடைத்தவற்றுள் வேண்டியதைக் கண்டெடுப்பதே அரிது. கணிப்பொறியின் தேடுபொறியில் ‘கருவை’ என்னும் ஒரு சொல்லை இடுவோம். சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர்க்கு இலக்கியம் வழங்கும் பெயர் கருவை. பாண்டிய மன்னர் ஒருவர் அத்தலத்தின்மீது திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். கரிசல் உழவர்க்கோ கருவை என்பது முள்மரம். மருத்துவ நூலில் அதே சொல், தாயின் வயிற்றில் வளரும் கருவைச் சுட்டும். ஊரும் முள்ளும் உயிரும் ஒரே பட்டியலில் கலந்து வந்தால் தேடுவோர் திகைப்பரன்றோ?

இத்திகைப்பைப் போக்க எழுந்ததே, தேடல் முடிவுகளைப் பொருள்வாரியாகக் குழு சேர்க்கும் முறை. பொறி ஒவ்வொரு முடிவிலும் உள்ள சொற்களை எண்ணுகிறது. ஒத்த சொற்கள் மிகுந்தவற்றை அருகருகே வைக்கிறது. பின்னர் அக்குழுவில் மிகுதியாக வரும் தொடரையே அதற்குப் பெயராக இடுகிறது. கோயில் ஒரு கூடையிலும் மரம் மற்றொரு கூடையிலும் சேரும். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1992-இல் இவ்வழியில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கார்னகி மெலன் பல்கலைக்கழக அறிஞர்கள் 2000-இல் தொடங்கிய விவிசிமோ நிறுவனம் இதனைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தது. 2012-இல் அதனை ஐ.பி.எம். வாங்கியது.

வகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை. 4 என்னும் எண்ணில் முடிவன முல்லை. 6-இல் முடிவன மருதம். எண்ணைக் கண்டாலே திணை விளங்கும். ஆயினும், ஒவ்வொரு பாடலும் தன் இடத்தில் தனித்தே நிற்கிறது. தொகுத்தவர் ஒவ்வொன்றையும் ஓதி உணர்ந்தே அதற்கு எண் இட்டிருக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையும், நூலின் பொருளை அறிந்த பின்னரே அதற்கு எண் வழங்குவது. பொறியோ பொருளை உணர்வதில்லை. சொற்களின் அண்மையை மட்டும் அளக்கிறது.

வகுத்தல் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அது குற்றமற்ற செயல்தானா? ஒரு கூடைக்குப் பெயரிடும்போது, அதனுள் இருப்பவற்றை இனித் தனித்தனியே பார்க்க வேண்டியதில்லை என்றும் நாம் சொல்லிவிடுகிறோம்.

இதற்குக் கருவையே சான்று. அவ்வூரில் பாண்டியர் ஒருவருடைய ஏட்டுச்சுவடிகள் இருப்பதாக அறிந்து, உ. வே. சாமிநாதையர் அங்குச் சென்றார். கோயிலில் குப்பைபோல் கிடந்த ஏடுகளை, ஆகம விதி என்று கூறி நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டனர் என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. நெஞ்சம் பதறிய அந்நிகழ்ச்சியை அவர் தம் வரலாற்றில் எழுதிவைத்தார். எரிந்தவை எவையென்று இன்று எவராலும் பட்டியலிட இயலாது.

பிழை எங்கே நேர்ந்தது? தீயில் மட்டுமன்று. ‘பழைய ஏடுகள்’ என்ற ஒற்றைப் பெயரின்கீழ் அனைத்தையும் சேர்த்தபோதே பாதி அழிவு நிகழ்ந்துவிட்டது. எரித்தவர்கள் தீயோர் அல்லர்; விதியைப் பேணுவதாகவே எண்ணினர். நம்மை அச்சுறுத்த வேண்டியது அதுவே.

எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால், ‘நான் இன்னும் பார்க்கவில்லை’ என்பது வேறு. ‘இது பயனற்றது’ என்பது வேறு. முன்னது தன் எல்லையை ஒப்புக்கொள்கிறது. பின்னது தீர்ப்பு வழங்குகிறது. கோதுமையோடு களையும் வளர்ந்த வயலைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையில், களைகளைப் பறிக்க விரைந்த பணியாளரைத் தலைவர் தடுக்கிறார். களை இல்லை என்று அவர் சொல்லவில்லை. பறிக்கும் கை கோதுமையையும் பிடுங்கிவிடும் என்றே அஞ்சினார்.

பொறி அமைக்கும் கூடைகளில் இறுதியாக ‘மற்றவை’ என்று ஒன்று இருப்பதுண்டு. எக்குழுவிலும் அடங்காதவை அங்கே சேர்கின்றன. அதிகம் எழுதப்படாத சிற்றூரின் செய்தியும், பிறர் சொல்லாததைச் சொன்ன தனிக்குரலும் அங்கே ஒதுங்கக்கூடும். இன்றைய தேடுபொறிகளோ பல முடிவுகளைச் சுருக்கி, ஒரே விடையாக முகப்பில் தருகின்றன. அதனோடு நின்றுவிட்டால் கடைசிக் கூடை நம் கண்ணுக்கே வராது.

ஆகவே, வகுப்போர்க்கு ஒரு கடமை உண்டு: எதை எங்கு வைத்தோம் என்பதையும், அதனை மீண்டும் எடுக்கும் வழியையும் காத்தல். தேடுவோர்க்கும் ஒரு கடமை உண்டு: கூடையின் பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே கைவிட்டுப் பார்த்தல். இது ஏட்டுக்கு மட்டும் உரிய அறமன்று. மனிதரையும் சாதி, தெரு, தொழில் என்று கூடையிலிட்டுப் பெயர் சொல்லிக் கடந்துபோகிறோம். ஏட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் எரிப்பது தவறு என்று அறிந்த நாம், ஒருவருடைய பெயரைக் கேட்பதற்கு முன்பே அவரை வகைப்படுத்திவிடுவது மட்டும் எங்ஙனம் சரியாகும்?